கவலை வந்தால் முதலில் எதைப் பிடிப்பது?



இஷாவுக்குப் பிறகு இமாமிடம் தனியாகப் பேச உட்காருபவர்கள் பெரும்பாலும் மஸ்அலா கேட்க வருவதில்லை. கவலையைச் சொல்லத்தான் வருகிறார்கள். அடகு வைத்த நகை ஏலத்துக்குப் போகிறது என்று வங்கியிலிருந்து நோட்டீஸ். மகளிர் குழுவில் வாங்கிய கடனுக்கு வாரத் தவணை. வளைகுடாவுக்குப் போன மகன் நான்கு நாளாகப் போன் எடுக்கவில்லை. மனைவியின் ஸ்கேன் ரிப்போர்ட் நாளை மறுநாள் வருகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியதே, அந்த வெள்ளத்தில் போன பயிருக்கு வாங்கிய கடன் செஞ்சி, தளவானூர்ப் பக்கம் இன்னும் சில வீடுகளில் அடையாமல் நிற்கிறது.

எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, எழுந்து போகும்போது சிலர் கேட்பார்கள்: "ஹஜ்ரத், இவ்வளவு கவலைப்படுறேனே, எனக்கு ஈமான் கம்மியா?"

இந்தக் கேள்விக்குத்தான் இன்றைய பேச்சு. இதை எழுத்தில் படிக்கும் நீங்களும் இதே கேள்வியோடு இருக்கலாம்.

நாம் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு. "ராஜகிரி மேல ஏறி நின்னு பாருங்க பாய், ஊரே தீப்பெட்டி மாதிரி தெரியும். அல்லாஹ்வோட படைப்புல நம்ம பிரச்சினை எம்மாத்திரம்?" நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரம். உச்சியிலிருந்து பார்த்தால், கீழே கோட்டைக்குள் சஆதத்துல்லாஹ் கான் கட்டிய பள்ளிவாசல் உள்ளங்கையில் அடங்கும் அளவுக்குத்தான் தெரியும். ஆனால் இறங்கி வந்து பார்த்தால் பள்ளிவாசல் பழைய அளவில்தான் நிற்கிறது. வங்கி நோட்டீஸும் பழைய அளவில்தான் இருக்கிறது. மலை மேலே நின்றதால் கடனில் ஒரு ரூபாய் குறையவில்லை.

பிறருடைய கவலையைச் சிறிதாக்கிக் காட்டுவது மார்க்கம் காட்டிய வழியாக எனக்குத் தெரியவில்லை. யஅகூப் (அலை) அவர்கள் மகனைப் பிரிந்து அழுது அழுது கண் வெளுத்துப் போனதை அல்லாஹ் சூரா யூசுஃபில் சொல்கிறான். சொல்லி, அவர்களைக் குறை கூறவில்லை. அவர்கள் தம் துயரத்தை அல்லாஹ்விடமே முறையிட்டதைத்தான் நமக்குப் பாடமாக வைக்கிறான். தவ்ர் குகையில் அபூபக்ர் (ரலி) அவர்கள் பதறியபோது, எதிரிகள் வரவில்லை, பயம் வீண் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லவில்லை. எதிரிகள் குகை வாசலில் நின்றார்கள்; அது உண்மை. அந்த உண்மைக்குப் பக்கத்தில் இன்னொரு பெரிய உண்மையை, அல்லாஹ் நம்மோடு இருக்கிறான் என்பதை, எடுத்து வைத்தார்கள். தம் பச்சிளம் மகன் இப்ராஹீம் மறைந்த நாளில் நாயகமே கண்ணீர் விட்டார்கள்.

ஆக, கவலை வருவது ஈமான் குறைவு அல்ல. கேள்வி வேறு. வந்த கவலைக்கு உள்ளத்தில் எவ்வளவு இடம் கொடுப்பது? அது வந்து உட்கார்ந்திருக்கும்போது கை எந்த வேலையைச் செய்துகொண்டிருக்க வேண்டும்?

இதைப் புரிந்துகொள்ள நான் சின்ன விமானம் ஓட்டுபவர்களிடம் போகிறேன். விமானம் என்றதும் நம் பயான்களில் இப்னு ஃபிர்னாஸ் வந்துவிடுவார். குர்துபாவில் 9ஆம் நூற்றாண்டிலேயே இறகு கட்டிப் பறந்த அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ். பெருமையாகச் சொல்வோம். மக்கரீ எழுதிய வரலாற்றில் உள்ள பின்பாதியை மட்டும் விட்டுவிடுவோம்: பறந்தவர் இறங்கும்போது முதுகில் அடிபட்டார். பறவை வாலை வைத்துத்தான் இறங்குகிறது என்பதைக் கவனிக்காமல், வால் கட்ட விட்டுவிட்டார் என்று எழுதியிருக்கிறார்கள். மேலே போவதை எல்லோரும் யோசிக்கிறார்கள். அதிலேயே நின்றுவிட்டவருக்கு முதுகு போகிறது.

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 1932 அக்டோபர் 15. ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து ஒற்றை எஞ்சின் 'புஸ் மாத்' விமானத்தில் தபால் மூட்டையோடு கிளம்பி, அகமதாபாத் வழியாகப் பம்பாய் ஜுஹுவில் இறங்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அந்தத் தபாலை பெல்லாரி வழியாக நம் சென்னைக்குக் கொண்டு வந்தார். அந்த விமானத்தில் ரேடியோ கிடையாது. வழியில் எஞ்சின் இருமினால் கேட்க ஆளில்லை. தனி மனிதனும் வானமும்தான். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1930இல், இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறக்கும் இந்தியருக்கு ஆகா கான் அறிவித்த பரிசுக்கான போட்டி நடந்தது. டாட்டாவும் போட்டியில் இருந்தார். எகிப்தில் அபூகீர் என்ற இடத்தில் அவர் இறங்கியபோது, எதிர்த்திசையில் வந்த போட்டியாளர் ஆஸ்பி எஞ்சினியர் என்ற இளைஞர் ஸ்பார்க் பிளக் இல்லாமல் அங்கே சிக்கிக்கொண்டிருந்தார். டாட்டா தம்மிடமிருந்ததைக் கொடுத்தார். பரிசு அந்த இளைஞருக்குப் போனது. பரிசு கைநழுவுமே என்ற கவலை டாட்டாவுக்கு இல்லாமலா இருந்திருக்கும்? இருந்தது, அதற்குரிய இடத்தில் இருந்தது.

விமானம் ஓட்டக் கற்றுக்கொள்பவர்களுக்கு உலகம் முழுக்க ஒரு வரிசை சொல்லிக் கொடுக்கிறார்கள். எந்த ஆபத்து வந்தாலும் முதலில் விமானத்தைப் பறக்க வை. பிறகு எங்கே போகிறாய் என்று பார். அதற்கப்புறம் பேசு. இந்த வரிசையை மாற்றியதால் போன உயிர்கள் ஏராளம்.

எஞ்சின் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் நினைப்பது போல் விமானம் கல்லாக விழாது. செஸ்னா 172 என்ற நான்கு பேர் உட்காரும் சின்ன விமானம், எஞ்சின் இல்லாமலும் 1000 அடி உயரத்துக்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் தூரம் மிதந்து போகும். இறங்க ஒரு வயலைத் தேட நேரம் இருக்கிறது. ஆனால் பயம் வேறு ஒன்றைச் செய்யச் சொல்லும். தரை நெருங்குவதைப் பார்த்ததும் கை தானாக மூக்கை மேலே தூக்கும். தூக்கினால் வேகம் குறையும். காற்று இறக்கையைத் தாங்காது. அப்போதுதான் உண்மையாகவே விழும். அதனால் கற்றுக்கொடுப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது, மூக்கை இறக்கு என்பதுதான். உயரம் கொஞ்சம் போகட்டும், வேகத்தை விடாதே.

இதைக் கேட்டபோது எனக்கு நம் வீடுகள்தான் நினைவுக்கு வந்தன. வியாபாரம் நின்றுவிட்டது. அப்போது செய்ய வேண்டியது, மூக்கை இறக்குவது. காரை விற்று ஸ்கூட்டரில் போவது. மகளின் நிக்காஹை மண்டபத்திலிருந்து பள்ளிவாசலுக்கு மாற்றுவது. "இந்த வருஷம் முடியாது" என்று சம்பந்தியிடம் சொல்வது. நாம் செய்வது என்ன? நாலு பேர் முன்னால் உயரம் குறையக் கூடாது என்று மூக்கைத் தூக்குகிறோம். பழைய கடனை அடைக்க மீட்டர் வட்டிக்குப் புதுக் கடன். (வட்டியைப் பற்றித் தனியாக ஒரு ஜும்ஆ பேச வேண்டும். இன்று அதற்குள் போனால் வெளியே வர முடியாது.) எஞ்சின் நின்றதால் நொடித்துப் போன குடும்பங்களைவிட, மூக்கைத் தூக்கி நொடித்துப் போன குடும்பங்கள்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு சம்பவம். இது சின்ன விமானம் அல்ல, பெரியது. ஆனால் எல்லா விமானிகளுக்கும் இதைப் பாடமாகச் சொல்கிறார்கள். 1972 டிசம்பர் 29 இரவு, ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் 401ஆம் எண் விமானம் நியூயார்க்கிலிருந்து மயாமிக்கு 176 பேரோடு வந்தது. இறங்கும் நேரத்தில் முன் சக்கரம் இறங்கிவிட்டது என்று காட்டும் சின்ன விளக்கு எரியவில்லை. சக்கரம் இறங்கவில்லையா, பல்பு கெட்டுவிட்டதா? விமானத்தை 2000 அடியில் சுற்ற வைத்துவிட்டு, விமானி அறையில் இருந்தவர்கள் எல்லோரும் அந்தப் பல்பைக் கழற்றுவதிலும் பார்ப்பதிலும் மும்முரமானார்கள். தானாக உயரத்தைப் பிடித்திருந்த கருவி அதற்கிடையில் விலகிவிட்டது. விமானம் மெதுவாக, யாருக்கும் தெரியாமல், இறங்கிக்கொண்டே வந்து சதுப்பு நிலத்தில் மோதியது. நூறு பேருக்கு மேல் மௌத்தானார்கள். பிறகு பார்த்தால் சக்கரம் ஒழுங்காகத்தான் இறங்கியிருந்தது. பல்புதான் கெட்டிருந்தது.

அவர்களுடைய கவலை பொய்யான கவலை அல்ல. சக்கரம் இறங்காவிட்டால் ஆபத்துதான். ஒருவர் பல்பைப் பார்க்கட்டும். ஒருவராவது விமானத்தை ஓட்டியிருக்க வேண்டும். நகை ஏலத்துக்குப் போகிறதே என்ற கவலையில் ஒருவர் மூன்று வாரம் கடையே திறக்காமல் படுத்துக் கிடந்தால், அதே மூன்று வாரத்தில் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டால், பத்தாவது படிக்கும் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா இல்லையா என்று கேட்காமல் விட்டால், ஃபஜ்ர் போய், ளுஹர் போய், கடைசியில் ஜும்ஆவும் போய்விட்டால், நகையை மீட்டாலும் வீட்டில் வேறு என்னவெல்லாம் தரை தட்டியிருக்கும்?

சகோதரர்களே! இப்போது சூரத்துல் கஸஸுக்கு வாருங்கள். மூஸா (அலை) அவர்களின் தாயார். ஃபிர்அவ்னின் ஆட்கள் வீடு வீடாக ஆண் குழந்தைகளைத் தேடி அறுக்கிறார்கள். அதைவிடப் பெரிய கவலை ஒரு தாய்க்கு உண்டா? அந்த நேரத்தில் அல்லாஹ் அவர்களின் உள்ளத்தில் போட்ட செய்திதான் ஏழாவது ஆயத். மதரஸாவில் பலாகத் படித்த மாணவர்கள் இதை மறக்க மாட்டார்கள்: ஒரே ஆயத்தில் இரண்டு ஏவல், இரண்டு விலக்கல், இரண்டு நற்செய்தி. பயப்படாதே, துக்கப்படாதே என்பவை விலக்கல்கள். பிள்ளையை உன்னிடமே திருப்பித் தருவோம், அவரைத் தூதராக்குவோம் என்பவை நற்செய்திகள். ஆற்றில் விடு என்ற ஏவல் நம் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் இருக்கும் முதல் ஏவல் எது? குழந்தைக்குப் பால் கொடு என்பது.

கொஞ்சம் நின்று யோசியுங்கள். வாசலில் கத்தி வந்து நிற்கலாம். அந்த நேரத்துக்கு அல்லாஹ் இட்ட முதல் கட்டளை, பால் கொடு. மடியில் இருக்கிற பிள்ளைக்குப் பசி. அந்தப் பசி ஃபிர்அவ்னுக்காகக் காத்திருக்காது. பெரிய ஆபத்துக்கு வழி காட்டும் முன்பு, அன்றாடம் செய்ய வேண்டியதை விடாதே என்று அல்லாஹ் சொல்கிறான். ஆற்றில் விடுவது அதற்கு அடுத்தது, அதுவும் பயம் நெருங்கினால்.

பத்தாவது ஆயத்தில் அந்தத் தாயின் உள்ளம் வெறுமையாகிவிட்டது என்கிறான். 'ஃபாரிஃக்' என்ற சொல். மூஸாவின் நினைவு ஒன்றைத் தவிர மற்றெல்லாம் வெளியேறிவிட்டது என்று முஃபஸ்ஸிர்கள் விளக்குகிறார்கள். ஒரே கவலை உள்ளம் முழுவதையும் பிடித்துக்கொண்டது. அந்த நிலையில் அவர்கள் உண்மையை வெளியே சொல்லிவிட இருந்தார்கள். சொல்லியிருந்தால் பிள்ளை போயிருக்கும். அப்போது அல்லாஹ் அவர்களின் இதயத்தைக் கட்டினான். 'ரபத்' என்றால் கட்டுவது, அவிழ்ந்து ஓடாமல் கட்டி வைப்பது. கவலையை அல்லாஹ் எடுத்துவிட்டதாக அந்த இடத்தில் சொல்லவில்லை. கவலை இருக்கிறது, உள்ளம் ஓடாமல் கட்டப்பட்டிருக்கிறது.

கட்டப்பட்ட உள்ளத்தோடு அவர்கள் செய்தது என்ன? மகளிடம், அவனைப் பின்தொடர்ந்து போ என்றார்கள். பெட்டி எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். அந்தப் பெண்பிள்ளையும் யாருக்கும் சந்தேகம் வராமல் ஒதுக்குப்புறமாக நின்று கவனித்தாள். பேச்சு கடைசியில்தான் வந்தது. குழந்தை யாரிடமும் பால் குடிக்க மறுத்த நேரம் பார்த்து, நன்றாக வளர்த்துத் தரும் ஒரு வீட்டாரைக் காட்டவா என்று அளவோடு கேட்டாள். பால் கொடுப்பது, வழியைக் கவனிப்பது, நேரம் பார்த்துப் பேசுவது. விமானி படிக்கும் வரிசை அந்தத் தாயின் வீட்டில் இருந்தது. நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். கவலை வந்ததும் முதலில் வாட்ஸ்அப்பில் பத்துப் பேரிடம் சொல்கிறோம். பிறகு வழியைத் தேடுகிறோம். பிள்ளை பசியோடு இருக்கிறது.

நாயகம் (ஸல்) அவர்களுக்கு ஏதேனும் ஒரு காரியம் நெருக்கடி கொடுத்தால் தொழுகையில் நின்றுவிடுவார்கள் என்று ஹுதைஃபா (ரலி) அவர்கள் சொல்வது அபூதாவூதில் வருகிறது. ஒக்பாரி போல ஓடி ஒளிவதற்கு அல்ல. பிடியை விடாமல் இருப்பதற்கு.

மேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கருவியைப் பார்த்து ஓட்டப் பழகாத விமானி மேகத்துக்குள் போய்விட்டால் என்ன ஆகும் என்று 1954இல் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 20 பேரை வைத்துச் சோதித்தார்கள். சராசரி 178 நொடிகளில் விமானம் அவர்கள் கட்டுப்பாட்டை விட்டுப் போனது. மூன்று நிமிடம்கூட இல்லை. காரணம் காது. உள்காதில் உள்ள நீர்தான் நமக்கு மேல், கீழ், சாய்வு எல்லாம் சொல்கிறது. அடிவானம் கண்ணுக்குத் தெரியாதபோது அது பொய் சொல்கிறது. சாய்ந்து விழுந்துகொண்டிருப்பவர், நேராகத்தான் போகிறேன் என்று சத்தியம் செய்யும் அளவுக்கு உணர்கிறார். எதிரே உள்ள கருவி உண்மையைக் காட்டுகிறது. உணர்வை நம்புவதா, கருவியை நம்புவதா?

இஷாவுக்குப் பிறகு உட்காருபவர்களில் சிலர் மெதுவாகச் சொல்லும் ஒரு வார்த்தை உண்டு: "அல்லாஹ் என்னைக் கைவிட்டுட்டான் போல இருக்கு ஹஜ்ரத்." அவர்களைக் கண்டிக்க எனக்கு மனம் வருவதில்லை. அது மேகத்துக்குள் காது சொல்வது. வஹீ சிறிது காலம் வராமல் நின்றபோது நாயகம் (ஸல்) அவர்களின் உள்ளம் பட்ட பாட்டுக்குப் பதிலாகத்தான் சூரத்துள் ளுஹா இறங்கியது. இறைவன் உம்மைக் கைவிடவும் இல்லை, வெறுக்கவும் இல்லை என்பதுதான் அதன் செய்தி. உங்களுக்கு அப்படித் தோன்றாத நாளில்தான் அந்த சூரா அதிகம் தேவைப்படுகிறது. தோன்றினாலும் தோன்றாவிட்டாலும் ஓதுங்கள். விமானி கருவியைப் பார்ப்பது தன் உணர்வு அதற்கு ஒத்துக்கொள்கிறது என்பதால் அல்ல.

பேச்சு கடைசி என்று சொன்னதை, பேசவே கூடாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மேகத்தில் சிக்கிய விமானி கீழே உள்ளவர்களிடம் உதவி கேட்கிறார். அதில் அவருக்கு வெட்கம் இல்லை. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால், அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். மருத்துவரிடம் போங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவி இலவசமாகக் கிடைக்கிறது. பள்ளிவாசல் கதவைத் தட்டுங்கள், நள்ளிரவானாலும் பரவாயில்லை. மருந்து தேடச் சொன்னவர்கள் நம் நாயகம்தான்.

பறவைகளைக் காட்டி நாயகம் (ஸல்) அவர்கள் தவக்குலைச் சொல்லிக் கொடுத்தது திர்மிதியில் இருக்கிறது. காலையில் வயிறு ஒட்டிப் போகின்றன, மாலையில் வயிறு நிரம்பித் திரும்புகின்றன. போகின்றன என்ற சொல்லை நாம் அவசரத்தில் தாண்டிவிடுகிறோம். கூட்டிலேயே உட்கார்ந்து தவக்குல் செய்த பறவையைப் பற்றி ஹதீஸில் ஒன்றும் இல்லை.

இந்த வாரம் நோட்டீஸ் வந்திருக்கும் சகோதரரே, இன்று ஜும்ஆ முடிந்ததும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள்; மாத்திரையைப் போடுங்கள்; அஸர் தொழுதுவிட்டுக் கடையைத் திறங்கள். திங்கட்கிழமை வங்கிக்கு நேரில் போய் மேலாளரைப் பாருங்கள். எவ்வளவு வருமானம், எவ்வளவு கடன், எதை விற்கலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். ஜமாஅத்தில் வசதி உள்ளவர்களே, கடனில் மூழ்கியவருக்கு ஸகாத்தில் பங்கு இருக்கிறது என்பது சூரத்துத் தவ்பாவின் அறுபதாவது ஆயத்தில் உள்ள சட்டம். அவர் கேட்டு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

நாயகம் (ஸல்) அவர்கள் அடிக்கடி ஓதுவதைக் கேட்டதாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் துஆ ஒன்று புகாரியில் உள்ளது. அதில் எட்டு விஷயங்களைவிட்டுப் பாதுகாப்புக் கேட்கிறார்கள்: வரப்போவதை நினைத்த கவலை, போனதை நினைத்த துக்கம், இயலாமை, சோம்பல், கஞ்சத்தனம், கோழைத்தனம், கடனின் பாரம், மனிதர்களின் அடக்குமுறை. கவலைக்கு அடுத்தடுத்து இயலாமையும் சோம்பலும் வருவதைப் பாருங்கள். இந்த துஆவை மனப்பாடம் இல்லாதவர்கள் தொழுகை முடிந்து முன்வரிசைக்கு வாருங்கள், சொல்லித் தருகிறேன். ஐந்து நிமிடம் ஆகாது.

யா அல்லாஹ், எங்கள் ஊரில் இன்று இரவு தூங்க முடியாமல் படுத்திருக்கப்போகும் ஒவ்வொருவரின் இதயத்தையும், மூஸா நபியின் தாயாரின் இதயத்தைக் கட்டியது போல் கட்டுவாயாக. அவர்களின் பிள்ளைகளைப் பசியில்லாமல் வைப்பாயாக. ஆமீன்.